10 மடங்கு லெவரேஜ், 9.5% தூரம்: ஸ்பாட், ஐசொலேட்டட், கிராஸ் – எது யாருக்கு?

2025 அக்டோபர் 11, சனிக்கிழமை காலை. சித்தி மகன் போன் செய்தான். “அண்ணே, பிட்காயின் திரும்ப ஏறிடுச்சு. ஆனா என் பொசிஷனைக் காணோம்.”

முந்தைய இரவு, நம் நேரப்படி இரண்டரை மணிக்கு மேல், சீனப் பொருட்களுக்குக் கூடுதலாக 100% வரி என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்த சூட்டில் கிரிப்டோ சந்தை சரிந்தது. ஒரே நாளில் 1,900 கோடி டாலருக்கும் மேலான பொசிஷன்கள், அதாவது எடுத்து இன்னும் முடிக்காத டிரேடுகள், கட்டாயமாக மூடப்பட்டன. கிரிப்டோ வரலாற்றில் அதுவரை பதிவான லிக்விடேஷனில் அதுதான் மிகப் பெரியது. 1,05,000 டாலருக்குப் பக்கத்தில் இறங்கிய பிட்காயின், தம்பி கண் விழித்தபோது 1,10,000-ஐத் தாண்டி வந்திருந்தது. அடுத்த நாள் 1,15,000. பிட்காயின் மெல்ல எழுந்துகொண்டது. அவன் போட்ட 40,000 ரூபாய் எழுந்திருக்கவில்லை.

அன்று உட்கார்ந்து இருவருமாகக் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கையும், புதிதாக இறங்குகிறவருக்கு முன்னால் இருக்கும் வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். யாரையும் விரட்டுவதற்காக இல்லை. தெரிந்து இறங்கவேண்டும், அவ்வளவுதான்.

மார்ஜின் என்றால் என்ன என்று கேட்டால் நான் மனை அட்வான்ஸைத்தான் சொல்வேன். 10 லட்ச ரூபாய் மனைக்கு 1 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போடுகிறீர்கள். மூன்று மாதத்தில் மனை 11 லட்சத்துக்குப் போகிறது. அக்ரிமென்ட்டைக் கைமாற்றி விடுகிறீர்கள். போட்ட 1 லட்சத்துக்கு 1 லட்சம் லாபம். மனை ஏறியது 10%தான், உங்களுக்குக் கிடைத்தது 100%. அந்த அட்வான்ஸ்தான் மார்ஜின். அதை வைத்து 10 லட்ச ரூபாய்ச் சொத்தைப் பிடித்தீர்களே, அது 10 மடங்கு லெவரேஜ்.

ஒப்புமை இதோடு நின்றுவிடுகிறது. மனை விலை நடுவில் இரண்டு வாரம் இறங்கினால் மனைக்காரர் ராத்திரியில் வந்து அட்வான்ஸைப் பறித்துக்கொள்ள மாட்டார். கெடு முடியும்வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. கிரிப்டோவில் கெடு என்று ஒன்று கிடையாது. எதிர்த்திசையில் இவ்வளவு தூரம் போனால் மூடிவிடுவேன் என்ற எல்லை மட்டுமே உண்டு. விலை அந்த எல்லையை ஒரு நிமிடம் தொட்டாலும் போதும், பொசிஷன் முடிந்தது. அப்புறம் விலை எங்கே போனாலும் அதில் உங்களுக்குப் பங்கில்லை.

அதனால் லெவரேஜை ‘எத்தனை மடங்கு லாபம்’ என்று படிக்காமல் ‘எவ்வளவு தூரம் தாங்கும்’ என்று படிக்கப் பழகுங்கள். 10,000 ரூபாய் மார்ஜின், பிட்காயின் விலை 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பொசிஷன் உயிரோடிருக்கக் குறைந்தபட்சம் வைத்திருக்கவேண்டிய தொகையை மெயின்டனன்ஸ் மார்ஜின் என்பார்கள். அது பொசிஷன் மதிப்பில் 0.5% என்று எடுத்துக்கொள்கிறேன். 3 மடங்கில் வாங்கினால் விலை சுமார் 33% இறங்கும்வரை தாங்கும். 5 மடங்கில் 19.5%. 10 மடங்கில் 9.5%, அதாவது 72 லட்சத்து 40 ஆயிரத்தில் கதை முடிந்துவிடும். 20 மடங்கில் 4.5%. 50 மடங்கில் 1.5%. 100 மடங்கில் அரை சதவீதம்.

பிட்காயின் சாதாரணமான ஒரு நாளிலேயே 2%, 3% ஆடும். 50 மடங்கில் வாங்கியவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவருடைய 1.5% போயிருக்கும். அவர் திசையைச் சரியாகத்தான் கணித்திருப்பார். சாயங்காலம் விலை அவர் சொன்ன இடத்துக்கே போகும். அதற்குள் பொசிஷன் இருக்காது. பெரிய சரிவு நாட்களை எடுத்துக்கொண்டால் 3 மடங்கில் வாங்கியதும் தாங்காது: 2020 மார்ச் 12, 13 தேதிகளில் பிட்காயின் ஏறத்தாழ பாதி விலைக்கு வந்தது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஸ்பாட்

காசு கொடுத்துக் காயின் வாங்குவது. 10,000 ரூபாய்க்கு 10,000 ரூபாய்ப் பிட்காயின். பாதியாக இறங்கினாலும் கையில் காயின் அதே அளவு இருக்கும். லிக்விடேஷன் என்ற சொல்லே இதில் கிடையாது. காத்திருக்க முடியும் என்பது ஸ்பாட்டின் மிகப் பெரிய பலம், புதியவருக்கு அது எவ்வளவு பெரிய பலம் என்று முதல் சரிவில்தான் புரியும்.

குறை? இறங்கும் சந்தையில் சம்பாதிக்க முடியாது. அப்புறம் வரி. இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, செஸ் தனி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. 2022 ஜூலை முதல் விற்கும்போது 1% டிடிஎஸ் வேறு. நாளுக்கு நாலு முறை வாங்கி விற்கிறவருக்கு இந்த 1% போட்ட பணத்தையே முடக்கிப்போடும்.

நம் ஊரில் பலர் ஃபியூச்சர்ஸ் (காயினை வாங்காமல் அதன் விலை ஏற்ற இறக்கத்தின் மேல் போடும் ஒப்பந்தம்) பக்கம் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபியூச்சர்ஸில் காயின் கைமாறுவதில்லை, அதனால் 1% டிடிஎஸ் இல்லை என்று ஆப்கள் விளம்பரம் செய்கின்றன. டிடிஎஸ் பிடிக்கவில்லை என்பதால் வரியே இல்லை என்று அர்த்தம் ஆகாது. அந்த லாபத்தை எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதில் ஆடிட்டர்களே ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். 1% மிச்சம் என்பதற்காக 9.5% தூரத்தில் லிக்விடேஷன் இருக்கும் இடத்துக்குக் குடிபோவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடன் வாங்கி ஸ்பாட் வாங்குவது

இதைத்தான் சில தளங்கள் ஸ்பாட் மார்ஜின் என்கின்றன. தளத்திடம் கடன் வாங்கி நிஜமான காயினை வாங்குகிறீர்கள். கடனுக்கு வட்டி பெரும்பாலும் மணிக்கணக்கில் ஓடும். லெவரேஜ் பொதுவாக 3, 5, 10 என்று குறைவாகவே கிடைக்கும். வட்டிக் கணக்கு நேரடியாக இருப்பதால் புரிந்துகொள்வது எளிது. புதியவர் ஆப்பைத் திறந்ததும் கண்ணில் படுவது ஃபியூச்சர்ஸ்தான் என்பதால் இதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

பெர்பெச்சுவல் ஃபியூச்சர்ஸ்

பங்குச் சந்தை ஃபியூச்சர்ஸுக்கு மாதக் கடைசியில் முடிவுத் தேதி உண்டு. கிரிப்டோவில் அதிகம் புழங்குவது முடிவுத் தேதியே இல்லாத பெர்பெச்சுவல். பிட்மெக்ஸ் தளம் 2016-இல் 100 மடங்கு லெவரேஜோடு இதைக் கொண்டுவந்த பிறகு மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

முடிவுத் தேதி இல்லாவிட்டால் ஃபியூச்சர்ஸ் விலை ஸ்பாட் விலையோடு ஒட்டிப் போவது எப்படி? அதற்குத்தான் ஃபண்டிங். விலை ஏறும் என்று பொசிஷன் எடுப்பது லாங், இறங்கும் என்று எடுப்பது ஷார்ட். பெரும்பாலான தளங்களில் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை லாங் பக்கம் ஷார்ட் பக்கத்துக்கோ, ஷார்ட் பக்கம் லாங் பக்கத்துக்கோ ஒரு தொகையைக் கொடுக்கும். வாங்குகிறவர்கள் கூட்டம் அதிகமானால் லாங் வைத்திருப்பவர் கொடுக்கவேண்டும். அமைதியான நாட்களில் அது 0.01% அளவில் இருக்கும்.

0.01% என்றதும் ஒன்றுமில்லை என்று தோன்றும். இது மார்ஜின் மேல் வருவதில்லை, மொத்தப் பொசிஷன் மேல் வருகிறது. 10,000 ரூபாய் மார்ஜினில் 10 மடங்கு என்றால் பொசிஷன் 1 லட்சம். ஒருமுறைக்கு 10 ரூபாய், நாளுக்கு 30, மாதத்துக்கு 900. விலை ஒரு அங்குலம்கூட அசையாமல் நின்றாலும் மார்ஜினில் 9% கரைந்துவிடும். சந்தை சூடாக இருக்கும்போது ஒருமுறைக்கு 0.1% வரைகூடப் போகும்; அப்போது நாளுக்கு 300 ரூபாய். ‘ஏறும்வரை பிடித்துவைத்திருக்கிறேன்’ என்பவர்களுக்கு லெவரேஜ் ஒத்துவராது என்று நான் சொல்வது இதனால்தான்.

கட்டணமும் அப்படித்தான். 0.05% கட்டணம் என்றால் 1 லட்ச ரூபாய்ப் பொசிஷனுக்கு உள்ளே போக 50, வெளியே வர 50. அதன் மேல் 18% ஜிஎஸ்டி. ஆக 118 ரூபாய், மார்ஜினில் 1.18%. நாளுக்கு ஐந்து டிரேடு போடுகிறவருக்கு, எல்லாமே வாங்கிய விலைக்கே விற்றதாக இருந்தாலும், மார்ஜினில் ஏறத்தாழ 6% கட்டணமாகப் போய்விடும். தம்பியின் ஸ்டேட்மென்ட்டில் நான் முதலில் கூட்டிப் பார்த்தது இந்தக் கட்டணத்தைத்தான். அதுவரை அவன் அதைக் கூட்டிப் பார்த்ததே இல்லை.

ஐசொலேட்டடா, கிராஸா?

ஃபியூச்சர்ஸ் என்று முடிவானால் அடுத்து எடுக்கவேண்டிய முக்கியமான முடிவு இதுதான். ஐசொலேட்டட் என்றால் ஒவ்வொரு பொசிஷனுக்கும் தனி உண்டியல். அந்தப் பொசிஷன் செத்தால் அந்த உண்டியலோடு போகும். கிராஸ் என்றால் வாலட்டில் இருக்கும் மொத்தப் பணமும் எல்லாப் பொசிஷனுக்கும் பொது உண்டியல். ஒன்று நஷ்டப்பட்டால் மற்றதிலிருந்து எடுத்துக் காப்பாற்றும். காப்பாற்ற முடியாதபோது எல்லாம் சேர்ந்து போகும்.

தம்பியின் கணக்கைப் பாருங்கள். வாலட்டில் 40,000. அக்டோபர் முதல் வாரத்தில் 10 மடங்கில் இரண்டு லாங் எடுத்திருந்தான். ஒன்று பிட்காயின், 1,20,000 டாலர் விலையில், பொசிஷன் 80,000 ரூபாய், மார்ஜின் 8,000. இன்னொன்று ஒரு சின்ன காயின், பொசிஷன் 50,000, மார்ஜின் 5,000. மொத்தத்தில் 13,000தான் மாட்டியிருக்கிறது, 27,000 சும்மா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் தூங்கப் போயிருக்கிறான். செட்டிங் கிராஸில் இருந்தது.

இரவில் பிட்காயின் 12% இறங்கியது. அதில் நஷ்டம் 9,600. சின்ன காயின் 60% சரிந்தது, அதில் 30,000. இரண்டும் சேர்த்து 39,600. வாலட்டில் மிச்சம் 400 ரூபாய், மெயின்டனன்ஸுக்கு அது போதாது. இரண்டையும் மூடிவிட்டார்கள், மிச்சம் இருந்ததும் லிக்விடேஷன் கட்டணத்தில் போனது.

இதுவே ஐசொலேட்டடாக இருந்திருந்தால்? சின்ன காயின் முதல் 10 சதவீதத்திலேயே செத்திருக்கும், போனது 5,000. பிட்காயினும் 9.5 சதவீதத்தில் செத்திருக்கும், போனது 8,000. 27,000 ரூபாய் கையில் இருந்திருக்கும்.

இன்னொரு விதமாகவும் பார்த்தோம். கிராஸிலேயே, அந்தச் சின்ன காயின் இல்லாமல், பிட்காயின் மட்டும் இருந்திருந்தால்? 9,600 நஷ்டத்தை மீதிப் பணம் தாங்கியிருக்கும். பொசிஷன் பிழைத்திருக்கும், விலை ஏறியபோது அவனும் ஏறியிருப்பான். 80,000 ரூபாய்ப் பொசிஷனுக்குப் பின்னால் 40,000 இருந்ததால் அது உண்மையில் 2 மடங்கு லெவரேஜ்தான்.

ஆக, கிராஸ் தன்னளவில் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஒரே பொசிஷன், அதன் பின்னால் தாராளமான பணம் என்றால் கிராஸ் நல்ல காவல். ஸ்பாட்டில் காயின் வைத்துக்கொண்டு அதற்கு எதிராக ஷார்ட் போட்டு விலைச் சரிவிலிருந்து தற்காத்துக்கொள்கிறவர்களுக்கும் கிராஸ் உதவும். இரண்டு மூன்று காயினில் ஒரே திசையில் லாங் எடுக்கும் புதியவருக்கு அது ஆபத்து. கிரிப்டோவில் சரிவு வந்தால் எல்லாம் சேர்ந்துதான் சரியும். பிட்காயின் 10% இறங்கும் நாளில் சின்ன காயின்கள் பாதியாகக்கூடப் போகும். தனித்தனி உண்டியல் வைத்தவருக்கு அன்று ஏதாவது மிஞ்சும்.

மடங்கா, பொசிஷன் அளவா?

இந்த இடத்தில்தான் நான் பார்த்த புதியவர்கள் எல்லோரும் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1 லட்ச ரூபாய்ப் பொசிஷனை 5 மடங்கில் 20,000 கட்டி எடுத்தாலும், 20 மடங்கில் 5,000 கட்டி எடுத்தாலும், விலை 1% ஏறினால் லாபம் இரண்டிலும் 1,000 ரூபாய்தான். மடங்கு ஏறியதால் லாபம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. தாங்கும் தூரம்தான் 19.5 சதவீதத்திலிருந்து 4.5 சதவீதமாகச் சுருங்கியது. லாப நஷ்டத்தைத் தீர்மானிப்பது பொசிஷன் அளவு. மடங்கை ஏற்றினால் லாபம் ஏறும் என்று தோன்றுவது, அதே 10,000 ரூபாயை முழுசாகப் போட்டுப் பெரிய பொசிஷன் எடுப்பதால்.

அப்படியானால் பொசிஷன் அளவை எப்படி முடிவு செய்வது? பழைய முறை ஒன்று இருக்கிறது, பங்குச் சந்தைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு டிரேடில் எவ்வளவு இழக்கத் தயார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கையில் இருக்கும் 10,000 ரூபாயில் 2%, அதாவது 200 ரூபாய் என்று வைப்போம். எந்த விலையில் ‘நான் நினைத்தது தப்பு’ என்று ஒத்துக்கொள்வீர்களோ அங்கே ஸ்டாப் லாஸ், அதாவது தானாக வெளியேறும் ஆர்டர். அது 4% கீழே இருக்கிறது என்றால், 200-ஐ 4 சதவீதத்தால் வகுக்கவேண்டும். பொசிஷன் 5,000 ரூபாய்.

கையில் இருப்பது 10,000. எடுக்கவேண்டிய பொசிஷன் 5,000. லெவரேஜ் எங்கே தேவைப்பட்டது? ஸ்டாப் லாஸை 1 சதவீதத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தால் பொசிஷன் 20,000 ஆகும், அப்போதும் 2 மடங்குதான். தம்பியிடம் இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவன் ஒரு வருடமாக 10-க்கும் 25-க்கும் நடுவில் ஸ்லைடரை நகர்த்திக்கொண்டிருந்தவன்.

கட்டுப்பாட்டாளர்கள் வந்து சேர்ந்த எண்ணும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் சிறு முதலீட்டாளர்களுக்கான கிரிப்டோ சிஎஃப்டிகளுக்கு (விலை வித்தியாசத்தின் மேல் மட்டும் போடும் ஒப்பந்தங்களுக்கு) 2 மடங்கு என்று வரம்பு வைத்தது. ஜப்பான் 2020-இல் 2 மடங்கு என்றது. பிரிட்டன் 2021 ஜனவரி முதல் சிறு முதலீட்டாளர்களுக்குக் கிரிப்டோ டெரிவேட்டிவ்ஸ் (ஃபியூச்சர்ஸ் போன்றவை) விற்பதையே தடை செய்தது. நம்மவர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கும் சிங்கப்பூரும், கிரிப்டோ சேவை நிறுவனங்கள் சிறு முதலீட்டாளர்களுக்கு மார்ஜின், லெவரேஜ் தரக்கூடாது என்று 2023-இல் முடிவெடுத்தது. நம் பங்குச் சந்தையிலேயே அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடேவுக்கு 5 மடங்குக்கு மேல் புரோக்கர் தர முடியாது. கிரிப்டோ அளவுக்கு ஆடாத பங்குகளுக்கே அந்த வரம்பு.

தளத்தில் எவ்வளவு பணம்?

லெவரேஜுக்கு ஆதரவாக நேர்மையான வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடவேண்டும். எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய கிரிப்டோ தளம் 2022 நவம்பரில் திவாலானது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடப்பட்டன. தளத்தில் முழுப் பணத்தையும் வைப்பதே ஓர் அபாயம். 1 லட்ச ரூபாய்ப் பொசிஷனுக்கு 1 லட்சத்தையும் அங்கே வைக்காமல், 40,000 மட்டும் வைத்து மீதியை வங்கியில் வைத்துக்கொண்டால் அது புத்திசாலித்தனமான லெவரேஜ். வங்கியில் அந்த 60,000 உண்மையிலேயே இருக்கவேண்டும், அதுதான் நிபந்தனை.

தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்திய நிதிப் புலனாய்வுப் பிரிவான எஃப்ஐயூவில் பதிவு செய்ததா என்று பாருங்கள். லிக்விடேஷனைக் கடைசியாக நடந்த விலையை வைத்துச் செய்கிறதா, மார்க் பிரைஸை வைத்தா என்றும் பாருங்கள். மார்க் பிரைஸ் பல சந்தைகளின் விலையைக் கலந்து எடுப்பது. ஒரே தளத்தில் ஒரு நொடி விலை குத்திக் கீழே போனால் அதற்காக உங்கள் பொசிஷன் சாகாது.

நான் யாருக்கு எதைச் சொல்வேன்?

வேலைக்குப் போய்க்கொண்டு இரவில் மட்டும் சார்ட் பார்க்கிறவருக்கு ஸ்பாட். வேறு பேச்சில்லை. 24 மணி நேரமும் திறந்திருக்கும் சந்தையில், பெரிய ஆட்டங்கள் பலவும் அமெரிக்க நேரத்தில், நாம் தூங்கும்போது நடக்கின்றன. சந்தை இறங்கும் என்று நினைத்து ஷார்ட் எடுக்க விரும்புகிறவருக்கு ஐசொலேட்டடில் 2, மிஞ்சினால் 3 மடங்கு. ஆர்டர் போடும்போதே ஸ்டாப் லாஸும் சேர்த்து. ஏற்கெனவே ஸ்பாட்டில் நிறைய காயின் வைத்திருந்து அதற்குக் காவல் தேடுகிறவருக்கு, கணக்குப் புரிந்தால், கிராஸ். கடன் வாங்கிய பணத்தில், நகையை அடகு வைத்த பணத்தில் செய்கிறவர் என்றால் இதில் எதுவும் வேண்டாம், தயவுசெய்து. அது லெவரேஜ் மேல் லெவரேஜ். பொசிஷன் மூடினாலும் வட்டி மூடாது.

தம்பி இப்போதும் டிரேடு செய்கிறான். சம்பளத்திலிருந்து மாதம் 3,000 ரூபாய்க்கு ஸ்பாட்டில் பிட்காயின் வாங்குகிறான். ஃபியூச்சர்ஸ் வாலட்டில் 5,000 மட்டும். புதுப் போன் வாங்கி ஆப்பை மறுபடி ஏற்றியபோது எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான்: செட்டிங் தானாகவே கிராஸ், 20 மடங்கு என்று காட்டியது. “மாத்திட்டேன் அண்ணே” என்று கீழே எழுதியிருந்தான். அடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் ஐசொலேட்டட், 2 மடங்கு.